அட்மிரல் மோரெல் உட்கார்ந்த இரண்டு நாற்காலிகள்

1946 மே மாதம் அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன் நாட்டின் நிலக்கரிச் சுரங்கங்களை அரசின் கையில் எடுத்துக்கொண்டார். தொழிலாளர்கள் ஏப்ரல் 1 முதல் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். கரி இல்லாமல் ரயிலும் மின்சாரமும் ஆலைகளும் தள்ளாடிக்கொண்டிருந்தன. சுரங்கங்களை அரசின் பெயரில் நடத்தும் பொறுப்பை ஒரு கடற்படை அதிகாரியிடம் கொடுத்தார்கள்.

ஆறு வருடம் கழித்து, 1952 ஏப்ரலில், அதே ட்ரூமன் எஃகு ஆலைகளை எடுத்துக்கொண்டார். இந்த முறை கையைவிட்டுப் போன கம்பெனிகளில் ஒன்றுக்குச் சேர்மனாக இருந்தவர், 1946-இல் சுரங்கங்களை ஏற்று நடத்திய அதே அதிகாரி.

அவர் பெயர் பென் மோரெல். நம்மூரில் சிவில் எஞ்சினியர்களுக்குக்கூடத் தெரியாத பெயர். எனக்கு அறிமுகமானதும் ட்ரெமி கான்கிரீட் வழியாகத்தான். துறைமுக வேலைகளில் கொஞ்ச காலம் கழித்தவன் நான். தண்ணீருக்கு அடியில் கான்கிரீட் போடும் முறையைப் பற்றிப் படித்துக்கொண்டே போனபோது ஹவாய் தீவில் கப்பல்களைப் பழுதுபார்க்கும் ஒரு உலர்கப்பல்துறையில் போய் நின்றேன். அதைக் கட்டவைத்த மனிதரைத் தேடிப் போனால் அவர் கடைசியில் பிட்ஸ்பர்க் நகரத்து எஃகு ஆலையில் இருந்தார். நடுவில் ஒரு உலகப்போர். சரி, இதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

கடற்படை அதிகாரி என்றதும் கப்பல் மேல்தளம், தொலைநோக்கி, வெள்ளைச் சீருடை என்றுதான் மனம் போகும். மோரெல் கப்பல் ஓட்டியவர் அல்ல. 1892-இல் சால்ட் லேக் சிட்டியில் பிறந்து, செயின்ட் லூயிஸில் வளர்ந்து, அங்கேயே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சிவில் எஞ்சினியரிங் முடித்து, அந்த மாநகராட்சியில் எஞ்சினியராக வேலை பார்த்தவர். அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரிப் பக்கம் போகவே இல்லை. 1917-இல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியபோது கடற்படையின் சிவில் எஞ்சினியர் பிரிவில் சேர்ந்தார். அசோர்ஸ் தீவுகளில் பணி. அங்கே பார்வையிட வந்த கடற்படைத் துணைச் செயலாளர் ஒருவருக்கு இந்த இளைஞரின் வேலை பிடித்துப்போயிற்று. அந்தத் துணைச் செயலாளர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்.

அடுத்த இருபது வருடம் பெரிய சத்தமில்லாத காலம். ஹைட்டியில் பொதுப்பணி, அப்புறம் உள்நாட்டுத் தளங்கள். 1929-இல் கான்கிரீட் வடிவமைப்புத் தரநிலைகள் பற்றிக் கடற்படைக்காக ஒரு நூல் எழுதினார். 1930களின் தொடக்கத்தில் பாரிஸுக்கு அனுப்பினார்கள்; பாலங்களுக்கும் சாலைகளுக்குமென்றே இருக்கும் அந்தப் பழம்பெரும் பிரெஞ்சுப் பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு வந்தார்.

வந்ததும் கையில் எடுத்தது, வாஷிங்டனுக்குப் பக்கத்தில் கார்டெராக் என்ற இடத்தில் கப்பல் மாதிரிகளைச் சோதிக்கும் நீர்த்தொட்டி. இதில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அரை மைலுக்கும் நீளமான கட்டடம். தொட்டியின் இரு பக்கமும் தண்டவாளம். அதன்மேல் ஓடும் வண்டி கப்பல் மாதிரியை இழுத்துப் போகும். தண்டவாளத்துக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே உள்ள உயரம் துளிகூட மாறக்கூடாது. ஆனால் அவ்வளவு நீளத்தில் தண்ணீரின் மேற்பரப்பு நேர்கோடாக இருக்காது. பூமியின் வளைவோடு சேர்ந்து வளைந்திருக்கும். அதனால் தண்டவாளத்தையும் பூமியின் வளைவுக்கு ஏற்ப வளைத்துப் போட்டார்கள். நாமெல்லாம் தளம் போட லெவல் பார்க்கும்போது இந்தக் கவலை ஒருநாளும் வந்ததில்லை.

1937 டிசம்பரில் கடற்படையின் கட்டுமானத் துறைக்கு ரூஸ்வெல்ட் அவரைத் தலைவராக்கினார். அந்தத் துறையின் பெயர் ‘யார்ட்ஸ் அண்ட் டாக்ஸ்’. அப்போது மோரெலுக்கு வயது 45, பதவி கமாண்டர். ஒரே தாவலில் ரியர் அட்மிரல் ஆகிவிட்டார். மேலே சீனியாரிட்டி பட்டியலில் எத்தனை பேர் பெருமூச்சு விட்டிருப்பார்கள் என்று அரசு அலுவலகம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முத்துத் துறைமுகம் என்று நம் பள்ளிப் புத்தகத்தில் படித்த பேர்ல் ஹார்பரில் அப்போது பெரிய உலர்கப்பல்துறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கப்பலை உள்ளே விட்டு, கதவை மூடி, தண்ணீரை இறைத்துவிட்டு, அடிப்பாகத்தைப் பழுதுபார்க்கும் பிரம்மாண்டமான தொட்டி அது. அதைக் கட்டிய கதையே சோகமானது. 1909-இல் தொடங்கிய வேலை. 1913 பிப்ரவரியில் தண்ணீரை இறைத்தபோது அடியிலிருந்து வந்த நீரழுத்தம் தளத்தைத் தூக்கி உடைத்துவிட்டது. உள்ளூர் ஹவாய் மக்கள், இந்த இடம் சுறாத் தெய்வத்தின் வாரிசு வாழும் இடம், தோண்டாதீர்கள் என்று முன்னரே எச்சரித்திருந்ததாகச் சொல்வார்கள். எஞ்சினியரைக் கேட்டால் மேல்நோக்கு அழுத்தம் என்பான். தெய்வமோ அழுத்தமோ, திரும்பக் கட்டித் திறக்க 1919 ஆயிற்று.

மோரெல் அங்கே இன்னும் இரண்டு உலர்கப்பல்துறைகள் வேண்டும் என்று போருக்கு முன்பே வற்புறுத்தினார். இந்த முறை பள்ளத்தை இறைத்துக் காயவைத்துக் கட்டவில்லை. கடலுக்கு அடியிலேயே தோண்டி, நீண்ட குழாய் வழியாகக் கான்கிரீட்டை அடியில் இறக்கி, தண்ணீர் நிற்கும்போதே தளம் போட்டார்கள். குழாயின் வாய் எப்போதும் புதிய கான்கிரீட்டுக்குள் புதைந்தே இருக்க வேண்டும். வெளியே எட்டிப் பார்த்துவிட்டால் சிமெண்ட் கரைந்து போய் ஜல்லியும் மணலும்தான் மிஞ்சும். ட்ரெமி வேலை பார்த்த எவருக்கும் அந்தக் குழாயைத் தூக்கும் நிமிடங்களில் வயிற்றில் என்ன செய்யும் என்று தெரியும். இங்கே போட்டது ஒரு அடித்தளத் தூணுக்கு இல்லை, சுமார் ஆயிரம் அடி நீளத் தொட்டிக்கு.

1941 டிசம்பர் 7-இல் ஜப்பானிய விமானங்கள் வந்தபோது இரண்டாம் எண் துறை முழுதாக முடிந்திருக்கவில்லை. ஆனால் மூன்றே நாளில், டிசம்பர் 10 அன்று, டார்பிடோ பட்ட ஹெலனா கப்பலை அதற்குள் ஏற்றிவிட்டார்கள். 1942 பிப்ரவரியில் நெவாடா என்ற போர்க்கப்பல் வந்தது, ஏப்ரலில் கலிபோர்னியா என்ற போர்க்கப்பல். மூழ்கியவை, மூழ்கும் நிலையில் கரையேறியவை என்று நாம் படித்த போர்க்கப்பல்களில் பல திரும்பவும் சண்டைக்குப் போயின. சேற்றிலிருந்து தூக்கிய கப்பலை வைக்க இடம் இருந்ததால்தான் அது நடந்தது.

அந்த வேலைகளைச் செய்தது யார் என்பதில்தான் மோரெலின் பிற்கால வாழ்க்கைக்கான விதை இருக்கிறது. பசிபிக் தீவுகளில் தளங்கள் கட்ட வேண்டும், ஆனால் அங்கே என்ன மண், என்ன ஆழம், சாமான் எப்போது வந்து சேரும் என்று யாருக்கும் தெரியாது. இதற்கு எப்படி டெண்டர் விடுவது? எந்தக் காண்ட்ராக்டர் ரேட் கொடுப்பார்? கொடுத்தால் பயத்துக்கும் சேர்த்து மூன்று மடங்கு போடுவார். முதல் உலகப்போரில் செலவின் மேல் இத்தனை சதவீதம் என்று கொடுத்துப் பார்த்திருந்தார்கள். செலவு கூடக்கூட லாபமும் கூடும் என்றால் எவன் செலவைக் குறைப்பான்? அதனால் 1939-இல் ஒரு சட்டத்தின் வழியாக வேறு வழி வந்தது: ஆன செலவைத் திருப்பிக் கொடுப்போம், லாபம் மட்டும் முன்னாலேயே பேசி முடித்த ஒரே தொகை. செலவை ஏற்றினால் காண்ட்ராக்டருக்கு ஒரு காசும் கூடாது. இந்த ஏற்பாட்டில்தான் பெரிய கட்டுமானக் கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து ஹவாய், மிட்வே, வேக் என்று பரவின. பிற்காலத்தில் கம்பெனி நடத்தப்போகிறவருக்கு இதைவிட நல்ல பாடசாலை கிடைத்திருக்காது. மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கம்பெனிக்காரர்களின் கணக்கை வரிவரியாகப் படித்தவர் அவர்.

வேக் தீவில் அந்த ஏற்பாடு உடைந்தது. அங்கே சுமார் 1,100 சிவிலியன் கட்டுமானத் தொழிலாளர்கள் இருந்தார்கள். துப்பாக்கி எடுத்தால் சீருடை இல்லாத கொரில்லா என்று எதிரி சுட்டுவிடலாம்; எடுக்காவிட்டால் வெறுங்கையோடு நிற்க வேண்டும். சிலர் கடற்படை வீரர்களோடு சேர்ந்து போராடினார்கள். டிசம்பர் 23 அன்று தீவு விழுந்தது. பிடிபட்டவர்களில் பெரும்பாலோரை ஜப்பானியர் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள்; வேலைக்கென்று நிறுத்திவைத்த 98 பேரை 1943 அக்டோபரில் கொன்றார்கள். அதில் தப்பிய ஒருவர் பாறையில் எண்ணிக்கையையும் தேதியையும் செதுக்கிவிட்டு மறுபடி பிடிபட்டு உயிர்விட்டார். அந்தப் பாறை இன்றும் இருக்கிறது.

வேக் விழுந்த ஐந்தாம் நாள், டிசம்பர் 28, மோரெல் ஒரு கோரிக்கை அனுப்பினார்: கட்டவும் தெரிந்த, சண்டைபோடவும் தெரிந்த, சீருடை அணிந்த கட்டுமானப் படை வேண்டும். ஜனவரி 5-இல் அனுமதி வந்தது. மார்ச் 5-இல் பெயரும் வந்தது: சீபீஸ்.

படை அமைக்கும்போது கிளம்பிய ஒரு சண்டை எனக்கு மிகவும் பரிச்சயமானதாகத் தெரிந்தது. கடற்படை விதிப்படி வீரர்களுக்குத் தலைமை தாங்கும் அதிகாரம் கப்பல் ஓட்டும் பிரிவு அதிகாரிகளுக்கு மட்டும்தான். எஞ்சினியர்கள் துணைப் பிரிவு. அறிவுரை சொல்லலாம், கட்டளை போட முடியாது. அப்படியானால் கட்டுமானப் படைக்கே கட்டுமானம் தெரியாத ஒருவர் தலைவர். நம்மூரில் தொழில்நுட்பத் துறைகளின் உச்சியில் யார் உட்காருவது என்று எஞ்சினியர்களுக்கும் நிர்வாகப் பணி அதிகாரிகளுக்கும் காலங்காலமாக நடக்கும் இழுபறியை அறிந்தவர்கள் இங்கே சிரித்துக்கொள்ளலாம். மோரெல் நேராகக் கடற்படைச் செயலாளர் ஃபிராங்க் நாக்ஸிடம் போனார். மார்ச் 19 அன்று நாக்ஸ் எஞ்சினியர் அதிகாரிகளுக்கே தலைமை அதிகாரம் என்று கையெழுத்துப் போட்டார். மோரெல் செய்த எல்லா வேலைகளிலும் இந்தக் கையெழுத்தைத்தான் நான் மேலே வைப்பேன். மீதியெல்லாம் இதற்கப்புறம் தன்னால் நடந்தது.

ஆட்களை எப்படிப் பிடித்தார் என்பதும் கெட்டிக்காரத்தனம். இருபது வயதுப் பையன்களை எடுத்து எட்டு மாதம் பயிற்சி கொடுக்க நேரமில்லை. போல்டர் அணையிலும் நெடுஞ்சாலையிலும் வானளாவிய கட்டடங்களிலும் வேலை செய்து தேறியவர்களை நேரடியாக எடுத்தார். தொடக்ககாலப் படையினரின் சராசரி வயது 37. வெல்டர், தச்சர், ப்ளம்பர், வெடிவைப்பவர், கிரேன் ஓட்டுநர் என்று அறுபது தொழில்களுக்குமேல். வயது வரம்பு ஐம்பது. அதைத் தாண்டியவர்களும் எப்படியோ நுழைந்திருக்கிறார்கள். வெளியில் வாங்கிய கூலிக்கு ஓரளவாவது ஈடாக, அனுபவத்துக்கு ஏற்ற பதவியைச் சேரும்போதே கொடுத்தார். கட்டுமானத் தொழிற்சங்கங்களைப் பகைக்காமல் கூட்டாளியாக்கினார். சங்கத்தைக் கண்டாலே முகம் சுளிக்கும் அதிகாரிகள் நிறைந்த இடத்தில் இது சாதாரணம் இல்லை.

அப்புறம் அவர்கள் கட்டியதைப் பட்டியல் போட்டால் இந்தப் பதிவு முடியாது. பசிபிக்கில் மட்டும் 111 பெரிய விமான ஓடுதளங்கள், 441 துறைமுக மேடைகள், 15 லட்சம் பேருக்குத் தங்குமிடம். மொத்தம் சுமார் 3,25,000 பேர் அந்தப் படையில் பணியாற்றினார்கள். பவளப் பாறையை வெடித்து நொறுக்கி, ரோலர் விட்டு ஓடுதளமாக்கினார்கள். ஜல்லிக்கு வேறு எங்கே போவது? டினியன் தீவின் வடக்கே 8,500 அடி நீளத்தில் நான்கு ஓடுதளங்கள் போட்டதும் இவர்கள்தான். ஹிரோஷிமாவுக்கும் நாகசாகிக்கும் விமானங்கள் கிளம்பியது அங்கிருந்துதான். கட்டுமானச் சாதனை என்று அந்த நான்கு கோடுகளை ரசித்துக்கொண்டே போக என்னால் முடியவில்லை. கட்டியவர்களுக்கு அதன்மேல் எது ஏறப்போகிறது என்று தெரியாது என்பதும் உண்மை.

இவ்வளவும் அரசுப் பணம், அரசு ஆணை, அரசு ஆட்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இந்த மனிதர்தான் வாழ்க்கையின் கடைசி இருபது வருடம், அரசு எதையும் செய்யாமல் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று மேடைமேடையாகப் பேசப்போகிறார்.

போர் முடிந்ததும் அமெரிக்கா முழுக்க வேலைநிறுத்த அலை. நான்கு வருடம் கூலியை அடக்கி வைத்திருந்தார்கள், விலைவாசி ஏறியிருந்தது. 1945 அக்டோபரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை ட்ரூமன் கடற்படையிடம் ஒப்படைத்தார். அந்தப் பொறுப்பு மோரெலிடம் வந்தது. அதைக் கலவரமில்லாமல் முடித்துக்கொடுத்ததால் 1946 மே 21-இல் சுரங்கங்கள் அரசின் கைக்கு வந்தபோதும் அவரையே கூப்பிட்டார்கள்.

எதிரில் இருந்தவர் ஜான் எல். லூயிஸ், சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர். புதர்போல அடர்ந்த புருவம், விவிலியத்தையும் ஷேக்ஸ்பியரையும் கலந்து முழங்கும் குரல். ரூஸ்வெல்டையே போர்க்காலத்தில் எதிர்த்து நின்றவர். அவருக்கும் உள்துறைச் செயலாளர் ஜூலியஸ் க்ரூக்குக்கும் மே 29-இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மணிக்கு 18½ சென்ட் கூலி உயர்வு அதில் சின்ன விஷயம். தோண்டும் ஒவ்வொரு டன் கரிக்கும் 5 சென்ட் எடுத்து, தொழிலாளர் நல நிதி ஒன்று தொடங்க வேண்டும் என்பதுதான் பெரிது. சுரங்க முதலாளிகள் அதற்குமுன் கடைசிவரை மறுத்துவந்த கோரிக்கை அது. அரசு தற்காலிக முதலாளியாக வந்து உட்கார்ந்ததும் அது நடந்துவிட்டது. சுரங்க ஊர்களின் சுகாதாரத்தை ஆராய ஒரு குழு அமைப்பதும் ஒப்பந்தத்தில் இருந்தது. கடற்படை மருத்துவர் ரியர் அட்மிரல் ஜோயல் பூன் தலைமையில் அந்தக் குழு போய்ப் பார்த்து, 1947-இல் அறிக்கை வெளியிட்டது. கம்பெனி வீடுகள், ஓடாத குழாய்கள், வாசலிலேயே ஓடும் சாக்கடை எல்லாம் புகைப்படங்களோடு பதிவாயின.

அந்த ஜூனில் மோரெல் நான்கு நட்சத்திர அட்மிரல் ஆனார். கப்பல் ஓட்டாத துணைப் பிரிவிலிருந்து அந்த நிலைக்கு வந்த முதல் ஆள். அதே ஆண்டில் ஓய்வு. டர்னர் கட்டுமானக் கம்பெனிக்குக் கொஞ்ச நாள் தலைவராக இருந்துவிட்டு, 1947-இல் பிட்ஸ்பர்க்கின் ஜோன்ஸ் அண்ட் லாக்லின் எஃகுக் கம்பெனிக்குத் தலைமை ஏற்றார். ஜே அண்ட் எல் என்றுதான் அந்த ஊரில் சொல்வார்கள். நாட்டின் நான்காவது பெரிய எஃகு நிறுவனம். மோனோங்கஹேலா ஆற்றின் இரு கரையிலும் ஆலை. ஒரு கரையின் ஊதுலையில் உருகிய இரும்பை ரயில் பாலம் வழியாக மறுகரைக்குக் கொண்டுபோய் எஃகாக்குவார்கள்.

அந்தக் கம்பெனிக்குத் தொழிலாளர் வரலாற்றில் ஏற்கெனவே ஒரு கெட்ட பெயர் உண்டு. அதன் அலிகுவிப்பா ஆலையைச் சுற்றிய ஊரைத் தொழிலாளர்கள் குட்டி சைபீரியா என்பார்கள். வீடு, கடை, போலீஸ் எல்லாம் கம்பெனி சொன்னபடி. சங்கம் சேர்த்ததற்காகப் பத்துப் பேரை நீக்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1937-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கம்பெனி தோற்றது. அமெரிக்காவில் சங்கம் சேரும் உரிமையை அரசு சட்டத்தால் காக்கலாம் என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. இன்றும் சட்டக் கல்லூரிகளில் கம்பெனியின் பெயராலேயே படிக்கிறார்கள். தொழிலாளர்களோடு பேசத் தெரிந்தவர் என்று பெயரெடுத்த ஒருவரைத் தலைமைக்கு அழைத்ததில் இதற்குப் பங்கு உண்டா என்றால், இருக்கும் என்பது என் ஊகம்.

1949-இல் ஓய்வூதியம் கேட்டு நாடு தழுவிய எஃகு வேலைநிறுத்தம். பிறகு கொரியப் போர். 1952-இல் சங்கம் கூலி உயர்வு கேட்டது. அரசு வாரியம் கொடுக்கலாம் என்றது. விலையை ஏற்ற அனுமதித்தால்தான் கொடுப்போம் என்றன கம்பெனிகள். வேலைநிறுத்தம் தொடங்கும் முந்தைய இரவு, ஏப்ரல் 8-இல், ட்ரூமன் ஆலைகளை எடுத்துக்கொண்டார். கம்பெனித் தலைவர்கள் தங்கள் நாற்காலியிலேயே இருக்கலாம், ஆனால் இனி அரசின் சார்பில் நடத்தும் மேலாளர்கள் என்று உத்தரவு வந்தது. மோரெல் மற்றவர்களைப்போல் இதைச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டவர் இல்லை. உத்தரவின் மறுமுனையில் உட்கார்ந்து பார்த்தவர்.

ட்ரூமன் இரண்டு முறையும் ஒரே காரியம் செய்ததாகத் தோன்றலாம். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 1946-இல் அதிபருக்கு 1943-இன் போர்க்காலத் தொழிற்தகராறுச் சட்டம் கையில் இருந்தது. போர் முடிந்தாலும் சட்டப்படி முடிந்ததாக அறிவிக்கவில்லை. 1952-இல் அப்படி ஒரு சட்டமும் இல்லை. 1947-இன் டாஃப்ட்–ஹார்ட்லி சட்டப்படி வேலைநிறுத்தத்தை எண்பது நாள் தள்ளிவைக்க வழி இருந்தும் ட்ரூமன் அந்தப் பக்கம் போக விரும்பவில்லை; அவரது மறுப்பாணையை மீறி நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அது. அதிபர் பதவிக்கே இந்த அதிகாரம் இயல்பாக உண்டு என்று வாதாடினார்கள். ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் மறுத்துவிட்டது. சட்டமியற்றுவது நாடாளுமன்றம், அதிபர் அல்ல என்றது தீர்ப்பு. ஆலைகள் திரும்பின, தொழிலாளர்கள் வெளியேறினார்கள், ஏழு வாரத்துக்குமேல் அடுப்பு எரியவில்லை. யங்ஸ்டவுன் வழக்கு என்ற பெயரில் இன்றும் அமெரிக்க அதிபர்களின் அதிகார எல்லை பற்றிப் பேச்சு வந்தால் முதலில் எடுப்பது இதைத்தான். ஜே அண்ட் எல் அந்த வழக்கில் ஒரு தரப்பு.

மோரெலை முதலாளிகளின் வழக்கமான ஊதுகுழல் என்று தள்ளிவிட முடியாமல் என்னைத் தடுப்பது இதுதான். அரசு ஒரு தொழிலை ஏற்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஒரு கையெழுத்தில் கூலி முடிவாகும், ஒரு கையெழுத்தில் நல நிதி பிறக்கும், எதிர்த்தரப்பு பேச்சுவார்த்தை மேசையிலேயே இருக்காது. அந்தச் சக்தி எவ்வளவு எளிதாகக் கையில் வந்து அமர்கிறது என்று பார்த்தவருக்கு அதன்மேல் பயம் வந்தால் அது கபடம் இல்லை.

ஆனால் அவர் போன தூரம் அதிகம். கூட்டரசின் நிர்வாகத்தைச் சீரமைக்க அமைத்த ஹூவர் ஆணையத்தில் நீர்வளம், மின்சாரம் பற்றிய குழுவுக்குத் தலைவராக இருந்து, கூட்டரசு மின் உற்பத்தியிலிருந்து பின்வாங்க வேண்டும் என்று 1955-இல் பரிந்துரைத்தார். 1958-இல் எஃகுக் கம்பெனியிலிருந்து ஓய்வுபெற்றதும், நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் எப்படி வாக்களிக்கிறார்கள் என்று பார்த்து மதிப்பெண் போடும் ஒரு பழமைவாத அமைப்பைத் தொடங்கித் தலைமை ஏற்றார். வரி, நலத்திட்டம், மானியம் எல்லாமே தனிமனித சுதந்திரத்தின் மேல் கைவைப்பது என்பது அவர் பேச்சின் சாரம்.

இங்கேதான் எனக்கு அவரோடு வழக்கு. சீபீஸ் எந்தச் சந்தையில் பிறந்தது? பேர்ல் ஹார்பரின் இரண்டாவது உலர்கப்பல்துறையை எந்த முதலீட்டாளர் லாபம் பார்த்துக் கட்டியிருப்பார்? போர் வேறு, அமைதிக்காலம் வேறு என்று அவர் பதில் சொல்லியிருப்பார். அவர் கோணத்தில் அது முரண்பாடே இல்லை. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கூட்டரசு மின்சாரம் வரும்வரை டென்னசி பள்ளத்தாக்கில் விளக்கெரியாத பண்ணை வீட்டுக்குப் போர்க்காலமா அமைதிக்காலமா என்பது எந்த வித்தியாசமும் செய்யாது.

சேர்மனாக அவர் எப்படி? பொதுவாகப் படையிலிருந்து கம்பெனிக்கு வருகிறவர்களைச் சீருடையின் மதிப்புக்காகவும் அரசாங்கத் தொடர்புக்காகவும் கூட்டிவந்து வாசலில் நிறுத்திவைப்பார்கள். இவர் அப்படி இல்லை. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்தில் 1952-இல் ஒரு புது முறை வந்தது: உருகிய இரும்பின்மேல் தூய ஆக்சிஜனை ஊதினால், திறந்த உலையில் எட்டுப் பத்து மணி நேரம் எடுக்கும் எஃகு முக்கால் மணி நேரத்துக்குள் தயார். அமெரிக்காவின் ராட்சதக் கம்பெனிகள் அசையவில்லை. போட்ட பணத்துக்குப் பழைய உலைகளே போதும் என்று இருந்தார்கள். 1954-இல் முதலில் எடுத்தது மக்லவுத் என்ற சின்னக் கம்பெனி. அதற்கடுத்து 1957-இல், மோரெல் சேர்மனாக இருக்கும்போது, அலிகுவிப்பாவில் ஜே அண்ட் எல் அமைத்தது. யு.எஸ். ஸ்டீல் அந்தப் பக்கம் வர 1960கள் ஆயிற்று. நம் ரூர்கேலா எஃகு ஆலை அதற்குள் இந்த முறையில் எஃகு வடித்துக்கொண்டிருந்தது. இத்தகைய முடிவை ஒரே ஆள் எடுப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ட்ரெமி குழாயை நம்பி ஆயிரம் அடித் தளத்தைத் தண்ணீருக்குள் போடத் துணிந்த ஒருவர் மேலே இருந்தால், கீழே இருக்கும் எஞ்சினியர்களுக்கு வாய் திறக்கத் தைரியம் வரும். இதை நான் சைட்டில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மோரெல் 1978-இல் இறந்தார். அவர் தலைமை வகித்த கம்பெனியை அதற்குள் டெக்சஸைச் சேர்ந்த எல்.டி.வி. என்ற குழுமம் விழுங்கிவிட்டது. அவர் எதிர்த்த கூட்டரசு மின் நிலையங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

1946-இல் அவர் பொறுப்பில் சுரங்கங்கள் இருந்தபோது பிறந்த அந்த நல நிதி, டன்னுக்கு 5 சென்ட் என்று தொடங்கி, வளர்ந்தது. 1956-இல் கென்டக்கி, வெர்ஜீனியா, மேற்கு வெர்ஜீனியா மலைப்பகுதிகளில் பத்து மருத்துவமனைகளை அந்த நிதியிலிருந்து கட்டித் திறந்தார்கள். முதுகெலும்பு உடைந்து வருடக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்த சுரங்கத் தொழிலாளர்களைத் தேடிப் போய் மறுவாழ்வு மையங்களுக்குக் கொண்டுவந்தார்கள். மேடைகளில் மோரெல் சொன்ன கொள்கைப்படி பார்த்தால், அரசு அந்த மே மாதம் சுரங்கங்களைத் தொட்டிருக்கவே கூடாது.